அம்மாவின் வேம்பும் ஹக்கல ரோசாவும்

சித்திரை வந்தால் எல்லாருடைய ஃபோனிலும் நுவரெலியாதான் பூக்கும். "வசந்த காலம்" எண்டு போட்ட படங்களைப் பார்த்துப் பார்த்து இந்தமுறை நானும் ஹக்கல பூங்காவுக்குப் போனேன். ரோசாக்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குளிருக்குள் ஒவ்வொரு பூவும் உள்ளங்கையளவு விரிஞ்சு நிக்குது.

ஆனால் 1861 இல் அந்த இடம் தொடங்கினது பூவுக்காக இல்லை. மலேரியாவுக்குக் குயினைன் எடுக்கிற சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். சிங்கோனாப் பட்டை சரியான கசப்பு. கசப்புக்காகத் திறந்த தோட்டத்தில்தான் நாங்கள் ரோசாவோடு செல்ஃபி எடுக்கிறோம்.

கசப்பெண்டதும் எங்கட வீட்டு வேம்புதான் நினைவுக்கு வந்தது. தமிழில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். யாழ்ப்பாணத்து வெயிலை வசந்தம் எண்டு ஒருத்தரும் படம் போடுறதில்லை, அது வேற கதை. இரவில் முற்றத்துக்கு வந்தால் வேப்பம்பூ தேன் மாதிரி மணக்கும். விடிய அம்மா மரத்தடியில் பழைய சீலையை விரிச்சுப் பூ சேர்ப்பா. உழுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்த்து வடகமாக்கிக் காயவைப்பா. பழஞ்சோற்றுக்கு அதைவிட வேறென்ன வேணும்?

மரம் ஒரே குப்பை, தறிச்சுப்போட்டு முற்றத்துக்குச் சீமெந்து போடுங்கோ எண்டு அண்ணா வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார். "வடகம் போட்டு முடியட்டும் தம்பி" எண்டு அம்மா ஒவ்வொரு கோலிலும் சொல்லுறா. போன வருசமும் அதைத்தான் சொன்னவா.