கண்வழியா, செவிவழியா?

தொடக்கப்பள்ளி ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு வினாத்தாள் தரப்பட்டது. புதிய ஊரில் வழி அறிய வரைபடம் வேண்டுமா, யாரேனும் வாயால் சொன்னால் போதுமா என்பன போன்ற கேள்விகள். முடிவில் ஆளுக்கொரு பெயர்: கண்வழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர், தொட்டுச் செய்து கற்பவர். பன்னிரண்டாண்டுகள் மனப்பாடத்தையே நம்பித் தேர்வெழுதி வந்த எங்களுக்கு அப்பெயர் இனிக்கத்தான் செய்தது.

2008இல் ஹெரால்டு பாஷ்லரும் உடன் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றனர். விருப்பம் உண்டு; விருப்பமே கற்றலாகிவிடாது.

ஆய்வு வரை போவானேன், ஒன்றாம் வகுப்பே போதும் என்பது எங்கள் கட்சி. ல, ள, ழ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி வேறுபாட்டைச் செவி பிடிக்க வேண்டும். நா வளைந்து பழக வேண்டும். வடிவத்தைக் கண் அறிந்து, விரல் மணலில் எழுத வேண்டும். கண்வழிப் பிள்ளை என்பதற்காக ழகரத்தை நாவில் ஏற்றாமல் விட்டுவிட முடியுமா? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் பிள்ளைகளைப் புலனால் பிரிக்கவில்லை. ஏணி எல்லோருக்கும் ஒன்றே. ஏறும் வேகம் மட்டும் அவரவருடையது.

எங்கள் அச்சம் பிள்ளைகளைப் பற்றியது மட்டுமன்று. தோழியொருவர், தாம் கண்வழிக் கற்பவர் என்று கூறிக் கதை சொல்லும் பயிற்சியிலிருந்து ஒதுங்கியே இருந்தார். பணியில் சேர்ந்தது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், மழைக்காலத்தில் மின்சாரம் இராது. இருட்டிய கூடத்தில் எந்தப் படத்தைக் காட்டுவது? அங்கேதான் கதை சொல்லத் தொடங்கினார்.