உள்ளங்கை ஈரம்

முதல் தடவை போட்ட 20 காளான் படுக்கைகளும் கெட்டுப்போனபோது, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவற்றைக் கொண்டுபோய்ப் புதைத்தேன். அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற பயம். வித்து கொடுத்தவர் பழசைத் தள்ளிவிட்டார் என்று வீட்டில் சொன்னேன். பொய். வித்து பாக்கெட்டில் சோளத்தின்மேல் வெள்ளை இழைகள் பஞ்சு போல அடர்ந்து, வித்து நன்றாகவே இருந்ததை நானே பார்த்திருந்தேன்.

சிப்பிக் காளான் வளர்ப்பைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, ஆற்ற வேண்டும். பிறகு பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், அதன்மேல் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பித் தொங்கவிட்டால் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளை ஓடிவிடும். என் பைகளில் எட்டாம் நாளே பச்சைத் திட்டுகள், கூடவே புளித்த வாடை.

இரண்டாம் தடவை, வெந்த வைக்கோலைச் சொட்டச் சொட்ட நான் அடைப்பதைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தன ஈரத்தோட அடச்சா மக்கிப் போகாதா? போர்ல ஈரமிருந்தாலே வைக்கப்புல்லு உள்ள சூடேறிப் போயிருமே."

நான் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவள். "இது மாட்டுக்குப் போடற புல்லு இல்லீங்க அத்தை" என்றேன். அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. போன பணத்தைவிட அந்த வார்த்தைதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

மூன்றாம் தடவையும் பச்சைதான். அதற்குள் விடாமுயற்சி என்ற சொல்லை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கெட்ட பை ஒன்றையாவது பிரித்துப் பார்த்தேனா என்றால் இல்லை. அந்த முறை மண்வெட்டியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

பெரும்பாலான பைகளில் பச்சை அடியிலிருந்துதான் ஏறியிருந்தது. அங்கே தண்ணீர் தேங்கி நின்றது. நாலு பைகளில் மட்டும் நடுவில் கட்டியாக இருந்தது. அந்த இடத்து வைக்கோல் விறைப்பாக, வேகாமல் கிடந்தது. அண்டாவில் மிதந்த மேல்பகுதி அது என்று புரிந்தது. பச்சையாகப் படர்ந்தது ட்ரைக்கோடெர்மா. வேரழுகலுக்கு எதிராக நம் வயல்களில் விரும்பிப் போடுகிற அதே பூஞ்சை இனம், காளான் பைக்குள் வந்தால் எதிரி.

பயிற்சி நோட்டைப் புரட்டினேன். ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என் கையெழுத்திலேயே இருந்தது, அடிக்கோடும் போட்டு. கையில் அது எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலாம் தடவை வைக்கோல் மிதக்காமல் இருக்க அண்டாவில் கல்லை ஏற்றினேன். வெந்ததைச் சுத்தமான சாக்கில் நிழலில் பரப்பிவிட்டு அத்தையிடம் போய் நின்றேன். "நீங்க சொன்னதுதான் சரிங்க அத்தை. கொஞ்சம் வந்து பாருங்க." அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தார். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். இரண்டு சொட்டு விழுந்தது. "இன்னுங் கொஞ்சம் ஆறட்டும்." அரை மணி நேரம் கழித்து மறுபடி பிழிந்தார். சொட்டவில்லை. கையை விரித்துக் காட்டினார், உள்ளங்கை மட்டும் லேசாக நனைந்திருந்தது. "இப்ப அடை."

அந்த 20 பைகளில் 17 வெள்ளையாயின. மீதி மூன்றும் பச்சை. அவற்றைப் பட்டப்பகலில் வாசலுக்குத் தூக்கிவந்தேன். அத்தை அரிவாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.