வயல் மேடையில் பேஸ் கிடார்

சம்பா அறுவடையாகி, அந்த ஈரத்திலேயே வந்த உளுந்தும் பயறும் பிடுங்கி, வயல் வெடித்துக் கிடக்கும் பங்குனியில்தான் எங்களுக்குப் பருவம் தொடங்கும். மாரியம்மன் கோயில்களில் காப்புக் கட்டுவார்கள். பால்குடம், காவடி, தீமிதி. இரவானால் பாட்டுக் கச்சேரி. மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை ஒரத்தநாடு, மன்னார்குடி, பாபநாசம், திருத்துறைப்பூண்டி என்று வேன் ஓடிக்கொண்டே இருக்கும். கோயிலுக்கு எதிரே காலியாகக் கிடக்கும் வயலில் சவுக்குக் கம்பு நட்டுப் பலகை போட்டால் மேடை தயார். அந்த மேடைகளில் பேஸ் கிடார் வாசித்து வளர்ந்தவன் நான். எந்தக் கிடார் வாங்குவது, எதை விடுவது என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வயல்தான்.

நான்கு தந்தி பேஸில் மிகத் தடித்தது ஈ தந்தி. சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. காற்றில் அந்த அலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். கல்யாண மண்டபத்தில் சுவரும் கூரையும் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பி, தேவைக்கு மேல் உருட்டிவிடும். வயலில் சுவர் ஏது? அடித்த ஒலி அப்படியே வாய்க்கால் தாண்டிப் போய்விடும். முன்பெல்லாம் கூம்புக் குழாய்கள் வேறு. புளியமரத்தில் கட்டிய குழாயில் 41 என்ன, 200க்குக் கீழே எதுவுமே உருப்படியாக வெளியே வராது. ஆனாலும் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் பேஸைக் கேட்டார்கள். தந்தி 41இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகள் காதுக்கு வந்துவிட்டால் போதும், கீழே வராமல் போன அடி ஸ்வரத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும். ஒலியைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

இது தெரியாத பையன்கள் 'லோ'வை ஏற்றச் சொல்லி மைக்செட்காரரிடம் மல்லுக்கு நிற்பார்கள். ஏற்றினால் ஆம்ப்ளிபயர் திணறும், பாடகர் குரலும் சேர்ந்து நடுங்கும். அடியைக் கொஞ்சம் குறைத்து, 'மிட்'டைத் தூக்கி, வலது கை விரலைப் பிரிட்ஜ் பக்கம் இரண்டு அங்குலம் நகர்த்தி வாசித்தால் ஊர் எல்லை வரை ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகப் போகும்.

ஐந்து தந்தி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கச்சேரியில் பாடகி மெதுவாக வந்து, "அண்ணே, தொண்டை கட்டியிருக்கு, மூணு கட்டைய ரெண்டுல வச்சுக்கலாமா?" என்பார். மூன்று கட்டை என்றால் ஈ. இரண்டு கட்டை டி. நான்கு தந்தியில் ஈக்குக் கீழே எதுவும் இல்லை. ஐந்தாவதாக ஒரு பி தந்தி இருந்தால் அந்தக் கீழ் டியைப் பிடித்துவிடலாம். ஸ்டூடியோவில் இது பெரிய வசதி. ஆனால் அந்த டியின் அதிர்வு நொடிக்கு 37கூட இல்லை. எங்கள் ஊர் ஸ்பீக்கர் பெட்டிகளில் அது வரவே வராது. ஒரு ஸ்தாயி மேலே உள்ள டியை வாசித்தாலும் கேட்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தத் தந்திக்காகக் கழுத்து அகலமாகி, கனம் கூடி, நாலு மணி நேரம் தோளில் சுமக்க வேண்டும். நான் நான்கு தந்தியிலேயே நின்றுவிட்டேன்.

இனி இரைச்சலுக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் காவிரி டெல்டாவில் கிடார் தேர்வை முடிவு செய்வதே இதுதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; கிடாருக்குள் புகுந்து உறுமும் இரைச்சலும் அதுதான். ஈ தந்தியில் மூன்றாவது பிரெட்டை அழுத்தினால் வரும் ஜி, அதாவது நம் ஐந்து கட்டை, 49. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டும், இவற்றின் இரட்டிப்பான 98ம் 100ம், ஒன்றோடொன்று மோதி 'வ்வம் வ்வம்' என்று அலையும். ஐந்து கட்டைப் பாட்டு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். திருவிழாவில் ஓடுவது டீசல் ஜெனரேட்டர் என்பதால் அந்த 50ம் நிலையாக நிற்காது. தேர் வடிவத்தில் கட்டிய சீரியல் செட்டைப் போட்டு அணைக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப் ஒற்றைக் காயிலாக இருந்தால் இந்த இரைச்சலையும் அப்படியே வாங்கிக் கொடுக்கும்.

லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் 1957இல் ஒரு மாற்றம் செய்தார்கள். பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஒன்றில் வரும் இரைச்சலை இன்னொன்று அழிக்கும்படி சுற்றினார்கள். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைக் காயில்கள். இன்று விற்கும் அந்த வகையில் இரண்டின் வால்யூமும் ஒரே அளவில் இருந்தால்தான் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் மறுபடி வந்துவிடும். ஜாஸ் பேஸின் குரல் இனிமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஜெனரேட்டரில் ஓடும் மேடைக்குப் பிளந்த பிக்கப்தான். அசல் ஃபெண்டர் வேண்டும் என்பதில்லை. அதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. பழையதாகவும் கிடைக்கும்.

எர்த்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்காரர்கள் கோரஸ் பாடுவார்கள். கை தந்தியில் இருக்க, உதடு மைக்கைத் தொட, எர்த் சரியில்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மேடை ஏறியதும் நான் முதலில் எடுப்பது டெஸ்டர். வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் எர்த் கம்பியை இறக்கச் சொல்லி நிற்பேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சுருதி சேர்ப்பது.

பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரி நடு இரவில் தீர்ந்தால் எந்தப் பெட்டிக் கடையில் தேடுவது? தந்தியும் செலவுதான். பங்குனி வெயிலின் வியர்வையும் மார்கழிப் பனியும் நிக்கலைச் சீக்கிரம் மந்தமாக்கும். கழற்றி வெந்நீரில் கொதிக்கவிட்டுத் துடைத்தால் இன்னும் சில கச்சேரிக்குத் தாங்கும். ஐப்பசி மழையில் கழுத்து லேசாக வளையும். உள்ளே இருக்கும் டிரஸ் ராடை ஆலன் கீயால் கால் திருகு திருகினால் சரியாகும். பலா மரத்தில் வீணை செய்யும் தஞ்சாவூரில் மரத்தின் குணம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் கடையில் உட்கார்ந்து மரம் ஈரம் குடிப்பதைப் பற்றிப் பேசினால் கிடாருக்கும் அது உதவுகிறது.

மேல்நாட்டுக் கருவி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியங்கள் ஒலித்தன; அந்தக் காலத்து இசைக் குறிப்பேடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. ஆனால் நான் பேஸ் கற்றது தவிலிடம். அதே மேடையில் எங்களுக்கு முன்னால் மங்கள இசை நடக்கும். தவில் வித்வான் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்த பக்கம் இது. தாளம் தப்பினால் டீ ஆற்றுகிறவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் பொரிந்து தள்ளும்போது, தொப்பியில் கழி எப்போது விழுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். சில ஆவர்த்தனங்களில் அது பேசாமலே இருக்கும். பிறகு ஒரே ஒரு அடி விழும். அங்கே ஊரே தலையாட்டும். குத்துப் பாட்டில் நான் வாசிப்பது அதைத்தான். பம்பையும் தவிலும் அடிப்பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, டிரம்ஸ்காரரின் வலது கால் விழும் இடத்தில் ஒரு ஸ்வரம். மற்ற இடத்தில் தந்தியின் மேல் கையை வைத்து அடக்கிவிடுவேன்.

இளையராஜா பாட்டு வந்தால் இது மாறிவிடும். 'மூடுபனி' (1980) படத்தில் பிரதாப் போத்தன் கிடாரோடு பாடுவதாக வரும், ஜேசுதாஸ் குரல் கொடுத்த அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் அங்கே குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் உரியதை இளையராஜாவே ஸ்வரமாக எழுதிக் கொடுப்பார். நெடுங்காலம் அவருக்குப் பேஸ் வாசித்தவர் சசிதரன். நாங்கள் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பிடித்த வரிகள் அவை. ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் அப்படியே. இன்றைய பையன்கள் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகுகிறார்கள். அதில் பேஸ் தெளிவாக வராது. அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்பதுதான்.

இப்போது பல குழுக்களில் பேஸ் இடம் காலி. கமிட்டியார் தொகையைக் குறைத்தால் முதலில் நிறுத்துவது பேஸ்காரரை. கீபோர்டுக்காரரின் இடது கையே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், அல்லது ட்ராக் போட்டுவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடகர் உற்சாகத்தில் பல்லவியை இன்னொரு முறை எடுப்பார், கூட்டம் விசில் அடித்தால் டிரம்ஸ் கொஞ்சம் முந்தும். அப்போது பாட்டை இழுத்துப் பிடித்து இடத்தில் உட்கார வைக்க மேடையில் ஒரு ஆள் வேண்டும். ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. கீபோர்டுக்காரருக்கோ வலது கையில் வயலினும் புல்லாங்குழலும் காத்திருக்கின்றன.

போன சித்திரையில் ஒரத்தநாடு பக்கத்துப் பையன் ஒருவன் கச்சேரி முடிந்து வந்து கேட்டான்: "மாமா, முப்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன். எந்த பேஸ் வாங்கட்டும்?" பிளந்த பிக்கப், நான்கு தந்தி, பேட்டரி இல்லாதது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பாதிப் பணத்தில் முடி என்றேன். மீதியில் அகலமான தோல் வார், நல்ல வயர் இரண்டு, டி.ஐ. பாக்ஸ், டெஸ்டர், ஹெட்போன். அதற்கும் மேல் மிஞ்சினால் உங்கள் ஊர் டிரம்ஸ்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, தினமும் சாயங்காலம் அவன் காலோடு மட்டும் ஒரு மணி நேரம் வாசி என்று சொல்லி அனுப்பினேன்.