வராகர் ஊரிலிருந்து கூவாகம் வரை

ஸ்ரீமுஷ்ணம் என்று ஓர் ஊர் இருக்கிறது என்று நமது பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களிடம் சொன்னபோது, பூகோளம் போதிக்கிறவர் உட்பட எல்லோரும் "எங்கே?" என்று கேட்டார்கள். ஊர் மேல் தவறில்லை. ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி, பஸ்ஸைப் பிடித்து, சுமார் 20 கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் பொம்மைகளும், நமது வீடுகளில் மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளைப் பியூஸ் கட்டைகளும் அங்கே உற்பத்தியாகின்றன. அதைத் தாண்டினால் வயலும் கரும்பும், நடுவே ஒரு கோபுரமும் தெரியும். அதுதான் ஸ்ரீமுஷ்ணம்.

இந்த யாத்திரைக்கு நம்மைக் கிளப்பியவர் நமது பழைய மாணவர் ஒருவர். பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். "ஸார், சித்திரையில் நாலு நாள் லீவு. கூட்டமில்லாத ஊராகப் பார்க்க ஆசை. நீங்களும் வரவேண்டும். என்னுடன் ஒருவர் வருகிறார்" என்று எழுதியிருந்தார். அந்த ஒருவர் மராத்திக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது "சாப்பாடு", "போதும்" என்ற இரண்டே வார்த்தைகள். பிரயாணத்துக்கு இவை தாராளமாகப் போதும்.

"சிநேகிதரா?" என்று கேட்டோம். மாணவர் சற்றுத் தயங்கி, "இல்லை ஸார், என் வாழ்க்கைத் துணை. ஆறு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம்" என்றார்.

வாத்தியார் உத்தியோகத்தில் இருபது வருஷம் கழித்தவருக்கு எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று நமக்கு ஒன்றும் அகப்படவில்லை. "பஸ் வருகிறது" என்று மட்டும் சொன்னோம். நல்ல வேளையாக, பஸ் உண்மையாகவே வந்தது.

பூவராகப் பெருமாள் கோவில், தானாகத் தோன்றியவை என்று வைஷ்ணவர்கள் போற்றும் எட்டு க்ஷேத்திரங்களில் ஒன்று. மூலவர் சாளக்கிராமத் திருமேனி. இடுப்பில் கை வைத்து, மேற்கு நோக்கி நின்று, முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். தஞ்சை நாயக்கர் காலத்துப் புருஷசூக்த மண்டபத்தின் தூண்களில் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். அந்தக் குதிரைகளின் கடிவாளத்தை மராத்திக்காரர் தடவித் தடவிப் பார்த்தார். வராகருக்குக் கோரைக்கிழங்கு உகந்தது என்பதால் அதில் செய்த பிரசாதமும் உண்டு. அவர் "போதும்" என்ற வார்த்தையை அங்கே பிரயோகிக்கவே இல்லை.

இந்தப் பெருமாள் தாமும் ஒரு பிரயாணிதான். ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு, 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுகிறார். கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் பட்டும் மாலையும் அளித்து அவரை வரவேற்கிறார்கள். கோவில் பிரசாதம் தர்காவுக்குப் போகிறது. வருகிறவர் யார், எந்த மதம் என்று விசாரித்துவிட்டா மாலை போடுகிறார்கள்? தூரத்திலிருந்து வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது மாணவரைக் கேட்டோம்: "கோவா, மணாலி என்று எத்தனையோ இடம் இருக்க, இந்தக் குக்கிராமங்கள் ஏனப்பா?"

"அங்கெல்லாம் போயிருக்கிறோம் ஸார். மேல்நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே 1970-லிருந்து 'ஸ்பார்டகஸ்' என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. எந்த ஊரில், எந்த விடுதியில் பயமில்லாமல் தங்கலாம் என்று அதில் போட்டிருக்கும். பெரிய விடுதிகளில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம், காசு கொடுத்திருக்கிறோம். ஆனால் நான் பிறந்த சீமையின் கோவிலையும் குளத்தையும் இவருக்குக் காட்டவேண்டாமா? அதற்கு எந்தப் புத்தகத்திலும் வழி போடவில்லை."

சட்டம் மாறிவிட்டதே என்றோம். ஆம், மாறித்தான் இருக்கிறது. அன்னிய ஆட்சியினர் 1860-ல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, அவர்கள் கப்பலேறி எழுபது வருஷத்துக்குப் பிறகும் நம்முடன் இருந்தது. மனமொத்த இருவரின் அன்பு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்பளித்தது. கலியாண உரிமையை மட்டும் 2023 அக்டோபர் 17-ந் தேதி அதே கோர்ட் வழங்க மறுத்துவிட்டது. உலகத்தில் 60-க்கும் மேற்பட்ட தேசங்களில் இது இன்னமும் குற்றமே. "சட்டம் டில்லியில் மாறியது ஸார். லாட்ஜ் மானேஜர் இங்கேயல்லவா இருக்கிறார்?" என்றார் மாணவர்.

அந்த மானேஜரை அன்று மாலையே சந்தித்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே அறையா, என்ன உறவு என்று அவர் புருவத்தை உயர்த்தினார். நாம் வெகு சாமர்த்தியமாக, "அண்ணன் தம்பி" என்று சொல்லிவிட்டோம். தமிழ் பேசாத தம்பியைப் பற்றி மானேஜருக்கு ஐயம் எழவில்லை. உடனே சாவி வந்தது. ஆனால் மாணவர் அதை எடுக்கவில்லை.

வெளியே வந்து, மெல்லிய குரலில் சொன்னார்: "கோபமில்லை ஸார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் இந்தப் பொய்யைத்தான் வீட்டிலும் ஆபீசிலும் தினம் சொல்கிறோம். நாலு நாளாவது அதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பிரயாணம் கிளம்பினோம்."

அன்றிரவு பஸ் நிலையத்துப் பெஞ்சில் கழிந்தது. கொசுக்கள் மட்டும் யாரையும் உறவு கேட்காமல் உபசரித்தன.

மறுநாள் உளுந்தூர்ப்பேட்டை வழியாகக் கூவாகம் சேர்ந்தோம். மற்ற நாளில் அது வயல் நடுவே ஒரு சிற்றூர். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவருக்கு நடக்கும் 18 நாள் திருவிழாவின்போது பாரத தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கையர் அங்கே வந்து கூடுகிறார்கள். கூத்தாண்டவர் என்பது அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான். வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் மடிகிறான். தமிழ்நாட்டுக் கதை வேறு. பாண்டவர் ஜயத்துக்காகக் களப்பலியாக ஒப்புக்கொண்ட அரவான், சாகுமுன் மணம் முடிக்க விரும்பினான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான்; மறுநாள் விதவையாகி அழுதான். அந்த மோகினியாகவே திருநங்கையர் தங்களைக் கருதுகிறார்கள். பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். உள்ளூர் ஆடவரும் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்வது உண்டு.

அந்த இரவை வர்ணிப்பது கஷ்டம். பட்டுப் புடவைகள், மல்லிகை, வளையல் கடைகள்! மலைபோல் குவித்த கற்பூரம் எரிய, அதைச் சுற்றிக் கும்மி! நமது மராத்திக்காரரும் கை தட்டினார்.

"இது எங்கள் திருவிழா அல்ல ஸார்" என்று மாணவர் நமக்குப் பாடம் சொன்னார். "பெண்ணாகத் தம்மை உணர்ந்தவர்கள் அவர்கள். நாங்கள் ஆண்கள்தான். ஆண்மேல் அன்பு வைத்தவர்கள். இரண்டும் வேறு. ஆனாலும் இங்கே நாங்கள் அதிகப்படி இல்லை."

கற்பூர வெளிச்சத்தில் ஓர் ஐம்பது வயது அம்மாள் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் யாரு தம்பி?" என்றார். மாணவர் நம்மை ஒரு கணம் பார்த்தார். நாம் வாயைத் திறக்கவில்லை. அவரே உள்ளதைச் சொன்னார். அம்மாள், "நல்லா இருங்கப்பா" என்று இருவர் தலையிலும் கை வைத்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீங்க?" என்றார்.

"பள்ளிக்கூட வாத்தியார்."

"அப்படியா! நான் ஏழாவதோட நின்னுட்டேன் சார். படிப்பு வரலேன்னு இல்லே. பசங்க சிரிச்சாங்க. வாத்தியாரும் சிரிச்சாரு."

அவர் குறை கூறவில்லை. செய்தி சொல்வதுபோல்தான் சொன்னார். நமக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் இதே மாணவரின் நடையையும் பேச்சையும் வகுப்பில் பையன்கள் கேலி செய்தபோது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நாமும் சிரித்திருக்கிறோம். அவருக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று இதுவரை கேட்கவில்லை. இருளில், "அப்போது நானும் சிரித்தேனப்பா" என்று மட்டும் சொன்னோம். "தெரியும் ஸார்" என்றார் அவர்.

பொழுது விடிந்தது. தேர் நகர்ந்தது. பந்தலடியில் தாலிகளை அறுத்தார்கள்; வளையல்களை உடைத்தார்கள். முந்திய இரவு பட்டுடுத்திப் பூச்சூடி நின்றவர்கள் குளித்து, வெள்ளைப் புடவையில் வந்தார்கள். அந்த அழுகையில் அரவானுக்கு எவ்வளவு, தங்கள் பிழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது. நம்முடன் பேசிய அம்மாளும் வெள்ளைப் புடவையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றார். ஓர் ஊர் அவர்களுக்குச் சில நாள் இடம் கொடுத்தது. மற்ற நாட்களை அவர்கள் எந்த ஊரில் கழிக்கிறார்கள்? உங்கள் ஊரிலும் நம் ஊரிலும்தான்.

வீடு திரும்பி, நடந்ததையெல்லாம் வீட்டு எஜமானியிடம் ஒன்று விடாமல் சொன்னோம். லாட்ஜ் விஷயம் வந்ததும், "நல்ல கெட்டிக்காரத்தனம்!" என்று ஒரே வார்த்தையில் நம்மைத் தீர்த்துவிட்டாள். சிறிது நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக்கு வருவாரே, அதைப் பார்க்க அவர்களை வரச்சொல்லி எழுதுங்கள். மாடி அறை சும்மாத்தானே கிடக்கிறது?" என்றாள்.

"பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால்?"

"உங்கள் மாணவன், அவனுடைய துணைவர் என்று சொல்லுங்கள். வாத்தியாருக்கு இதுகூடவா சொல்லிக் கொடுக்கவேண்டும்?"

கடிதம் எழுதிவிட்டோம். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறது.