உரைகல்லும் எக்ஸ் கதிரும்

நுழையும்முன்
பொன்னின் தரம் அறிய நம் முன்னோர் உரைகல்லை நம்பினர். இன்று அப்பணியை எக்ஸ் கதிர்க் கருவிகள் செய்கின்றன. கருவி எதுவாயினும், ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும் என்னும் அறம் ஒன்றே. பொற்கொல்லர் ஒருவரின் மகன் தம் தந்தைமீது விழுந்த பழியையும், அறிவியல் அதனைத் துடைத்த விதத்தையும், அதே அறிவியல் வெளிப்படுத்திய மற்றோர் உண்மையையும் நினைவுகூரும் தன்வரலாற்றுக் கட்டுரை இது.

பட்டறையில் வளர்ந்தவன்

நான் தமிழாசிரியன், ஆயினும் எழுத்தறியும் முன்பே எனக்கு அறிமுகமானவை ஊதுகுழலும் குறடும் கம்பியச்சும்தாம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் அப்பா நகைப்பட்டறை வைத்திருந்தார். வீட்டின் முன்கட்டே பட்டறை. உமிக்கனலின் வெம்மையிலும் சிறு சுத்தியலின் தட்டொலியிலும்தான் என் பள்ளிப்பாடங்களைப் படித்தேன்.

அப்பாவின் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஓர் உரைகல் இருக்கும். வருகின்ற நகையை அக்கருங்கல்லில் ஒருமுறை இழுப்பார். பொன்னிறக் கோடு ஒன்று விழும். அதன் அருகில், மாற்றுத் தெரிந்த சிறு கம்பிகளால் வேறு கோடுகள் இழுப்பார். எல்லாவற்றின்மீதும் திராவகம் ஒரு சொட்டு விடுவார். செம்பும் வெள்ளியும் மிகுந்த கோடு மங்கும். நல்ல பொன்னின் கோடு நிற்கும். மங்கிய அளவைக் கண்ணால் ஒப்பிட்டே, “இது இருபது காரட்டுக்குக் கீழேதான்” என்பார். அவர் கணிப்புப் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனினும் எங்கள் தொழிலை ஊர் முழுமையாக நம்பியதில்லை. தாயின் பொன்னிலும் சிறிது எடுத்துக்கொள்பவர் என்று பொற்கொல்லரைக் குறித்து வழங்கும் பழமொழி உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் காட்டிக்கொடுத்தவனும் ஒரு பொற்கொல்லனே. அப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் சிலர் என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றும். அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சந்தேகிக்கப்பட்ட தொழிலில் பிறந்தவனுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பு.

ஒரு சங்கிலியும் ஒரு சொல்லும்

2006ஆம் ஆண்டு. அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. இருமல் மிகுந்து, பட்டறையில் அமர்வதைப் பெரும்பாலும் நிறுத்தியிருந்தார். அப்போது, பத்தாண்டுகளுக்கு முன் தம்மிடம் சங்கிலி செய்துகொண்ட ஓர் அம்மையார் வந்தார். மகள் திருமணத்திற்காக அச்சங்கிலியை மாற்றிப் புதுநகை வாங்க நகரத்துக் கடை ஒன்றிற்குச் சென்றிருக்கிறார். அங்குள்ள கருவியில் அதனை வைத்துப் பார்த்து, பொன் 84 விழுக்காடு மட்டுமே என்று சீட்டு அச்சிட்டுக் கொடுத்துவிட்டனர். இருபத்திரண்டு காரட் என்றால் 91.6 விழுக்காடு இருக்கவேண்டும்.

“பத்தரே, உங்களை நம்பித்தானே கொடுத்தேன்?” என்றார் அவர். குரலில் சினத்தைக் காட்டிலும் வருத்தமே மிகுந்திருந்தது.

அப்பா சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்தார். “அம்மா, என் கைச்சங்கிலிதான். மாற்று மட்டும் என் மாற்று இல்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவர் உண்ணவில்லை.

எங்கள் ஊர்க் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெறும் நிலையில் இருந்தவர். அப்பாவின் பட்டறைக்கு அவ்வப்போது வந்து உரைகல்லைப் பற்றி ஆர்வத்துடன் வினவுபவர். மறுநாள் அவரிடம் சென்று சீட்டைக் காட்டினேன்.

“தம்பி, கருவி பொய் சொல்லாது. ஆனால் நாம் எந்த இடத்தைக் காட்டிக் கேட்டோமோ அந்த இடத்தைப் பற்றி மட்டுமே அது சொல்லும். இவர்கள் எத்தனை இடத்தில் வைத்துப் பார்த்தார்கள்?” என்று கேட்டார்.

ஒரே இடத்தில்தான். கொக்கியை ஒட்டிய பகுதி தட்டையாக இருந்ததால் அங்கே வைத்திருந்தனர்.

அணு பேசும் மொழி

அன்று அவர் எனக்கு விளக்கியதை என்னால் இயன்றவரை உங்களுக்குச் சொல்கிறேன்.

1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்கள் ஒரு பொருளின்மீது விழும்போது, அணுக்கருவுக்கு மிக அருகில் உள்ள உட்கூட்டிலிருந்து எலக்ட்ரான் ஒன்று வெளியேற்றப்படுவதுண்டு. வெற்றிடமான அவ்விடத்தை நிரப்ப வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று உள்ளே இறங்கும். இரு கூடுகளுக்கும் இடையேயுள்ள ஆற்றல் வேறுபாடு ஒரு புதிய எக்ஸ் கதிராக வெளிப்படும். அவ்வேறுபாடு ஒவ்வொரு தனிமத்திற்கும் ஒவ்வோர் அளவு. ஆகவே வெளிவரும் கதிரின் ஆற்றலை அளந்தால், அதனை அனுப்பிய தனிமம் எதுவெனச் சொல்லிவிடலாம். செம்பு என்றால் ஏறத்தாழ 8.0 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பொன் என்றால் 9.7, வெள்ளி என்றால் 22.1. இதுவே எக்ஸ் கதிர் உடனொளிர்தல்.

இவ்வொழுங்கை 1913ஆம் ஆண்டு தெளிவாக நிறுவியவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர். தனிமங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் எக்ஸ் கதிர்களை அளந்தார். தனிம வரிசையில் ஓர் இடம் நகர்ந்தால் கதிரும் குறிப்பிட்ட ஒழுங்கில் ஒரு படி நகர்வதைக் கண்டார். ஒரு தனிமத்தின் அடையாளம் அதன் அணு எடையன்று, அணு எண்ணே என்பது அதனால் உறுதியாயிற்று. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய இடங்கள் வெறுமையாக இருப்பதையும் அவர் சுட்டினார். அத்தனிமங்கள் பின்னாளில் கிடைத்தன. அதனைக் காண அவர் இல்லை. முதல் உலகப்போரில் படையில் சேர்ந்த மோஸ்லி, 1915 ஆகஸ்டு 10 அன்று கலிப்பொலி களத்தில் 27 வயதில் இறந்தார்.

“உங்கள் அப்பா கல்லில் கோடு இழுக்கிறார், மோஸ்லி ஒளிப்படத் தகட்டில் கோடு பார்த்தார். இரண்டும் தெரிந்ததோடு தெரியாததை ஒப்பிடும் வேலைதான்” என்றார் பேராசிரியர்.

மேசைமேல் ஒரு கருவி

கடைக் கருவி விலைமிக்கது. பேராசிரியரின் ஆய்வகத்தில் இருந்ததோ அவரும் மாணவர்களும் சேர்ந்து தாங்களே இணைத்த எளிய அமைப்பு. எக்ஸ் கதிர்க் குழாய்க்கு மாற்றாக, உரிய அனுமதியுடன் கல்லூரி வைத்திருந்த அமெரிசியம்-241 என்னும் கதிரியக்க மூலம். அதன் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் மாதிரியைத் தூண்டும். மாதிரியின் மறுமொழியை வாங்க, மின்சாரத்தால் குளிரூட்டப்படும் சிறு சிலிக்கான் உணரி. அதில் விழும் ஒவ்வொரு கதிரும் ஒரு மின்துடிப்பாகும். கதிரின் ஆற்றலுக்கேற்பத் துடிப்பின் உயரம் அமையும். துடிப்புகளை உயரவாரியாகப் பிரித்து எண்ணி, பழைய கணினித் திரையில் வரைபடமாகக் காட்டும் மின்சுற்று ஒன்றும் இருந்தது.

முதலில் சங்கிலியை அவர் தொடவே இல்லை. இரும்பாணி, செம்புக்கம்பி, வெள்ளி நாணயம் ஆகியவற்றை வைத்து முகடுகள் எந்தெந்த இடத்தில் எழுகின்றன எனக் குறித்துக்கொண்டார். பின்னர் ஒன்றுமே வைக்காமல் கருவியை ஓடவிட்டார். வெறுமையிலும் திரையில் சிறு முகடுகள் எழுந்தன. எனக்கு வியப்பு.

“மூலத்தைச் சுற்றி ஈயத்தகடு வைத்திருக்கிறோம். அந்த ஈயமும் தன் கதிரை அனுப்புகிறது. இதை அறியாமல் அளந்தால், உங்கள் சங்கிலியில் ஈயம் இருக்கிறது என்று பழி சொல்லிவிடுவோம். பிறரை அளக்கும் முன் நம் கருவியின் குறையை நாம் அறிந்திருக்கவேண்டும்” என்றார். இச்சொற்களை நான் இன்றளவும் மறக்கவில்லை.

மூலம் வலுக்குறைந்தது. எனவே ஓரிடத்தை அளக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கொக்கிப்பகுதி, நடுக்கண்ணிகள், மறுமுனை என மூன்று இடங்களை அளந்தோம். இக்கதிர்கள் பொன்னின் மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்தை மட்டுமே காட்டும் என்பதால், முலாம் பூசிய நகை கருவியை ஏமாற்றக்கூடும் என்றும் எச்சரித்தார். எனவே அம்மையாரின் இசைவைப் பெற்று, கண்ணி ஒன்றின் அடிப்புறத்தை மெல்ல அராவிய பின்னும் அளந்தார்.

இரு முகடுகள்

மாலைக்குள் விடை கிடைத்தது. கண்ணிகள் அனைத்திலும் பொன்னுக்கும் செம்புக்குமான விகிதம், அப்பா வைத்திருந்த இருபத்திரண்டு காரட் கம்பியின் விகிதத்தோடு ஒத்திருந்தது. அராவிய இடத்திலும் அதுவே. கொக்கியருகில் மட்டும் செம்பும் வெள்ளியும் ஓங்கின. வேறெங்கும் இல்லாத துத்தநாகமும் தலைகாட்டியது.

“இது வேறொரு கையின் பற்று” என்றார் பேராசிரியர்.

அம்மையாரிடம் கேட்டபோது அவருக்கு நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கொக்கி அறுந்ததாகவும், வெளியூரில் இருந்தபோது அங்கேயே பற்றவைத்ததாகவும் சொன்னார். மறுநாள் அதே கடைக்குச் சென்று ஐந்து இடங்களில் அளக்கச் செய்தோம். கண்ணிகள் அனைத்தும் 91.6ஐ ஒட்டியே வந்தன. அம்மையார் நேரே எங்கள் வீட்டிற்கு வந்து, “பத்தரே, தெரியாமல் பேசிவிட்டேன்” என்று கைகூப்பினார். அப்பா சிரித்து, அவருக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதனை எழுதியிருக்கமாட்டேன். கண்ணிகளின் வரைபடத்தில் வெள்ளிக்குச் சற்று வலப்புறமாக, 23.1 என்னும் இடத்தில், மற்றொரு சிறு முகடு இருந்தது. பழைய சோடியம் அயோடைடு படிக உணரியாக இருந்தால் அது வெள்ளியோடு கலந்து மறைந்திருக்கும். இக்கருவியில் தனித்து நின்றது.

“ஐயா, அது என்ன?” என்றேன்.

அவர் சிறிது தயங்கினார். “காட்மியம். அப்பா எத்தனை ஆண்டுகளாக இந்தப் பொடியைப் பயன்படுத்துகிறார்?”

நகையின் இணைப்புகளைப் பற்றவைக்கும் உலோகக்கலவையைப் பொடி என்பது எங்கள் வழக்கு. பொடி வைத்து ஊதுதல் என்னும் தொடர் பேச்சுவழக்கிற்கு வந்ததும் இத்தொழிலோடு இயைந்தே. பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் மிகுதி; நகையை உருக்கினால் மொத்த மாற்றுக் குறையும். காட்மியம் கலந்த பொடி அக்குறையைத் தீர்த்தது. அதில் பெரும்பகுதி பொன்னாகவே இருக்கும். சிறிதளவு காட்மியமே கலவையை எளிதில் உருகச் செய்துவிடும். கே.டி.எம். நகை என்று ஊரெங்கும் விளம்பரமானது இதுவே. ஆனால் காட்மியம் 767 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். பொன் உருகுவதோ 1064 பாகையில். ஆகவே பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் காட்மியம் புகையாக எழும். குனிந்து ஊதுகுழல் பிடித்திருப்பவரின் முகத்திற்கு நேராகத்தான் அது எழும். நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அது பாழாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும்.

அப்பா புகைபிடித்தவர் அல்லர். அவருடைய இருமலுக்குக் காரணம் தேடி எத்தனையோ மருத்துவர்களிடம் சென்றிருக்கிறோம். என்ன தொழில் என்று கேட்டவர்கள் உண்டு. எந்தப் பொடி என்று கேட்டவர் இல்லை.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “உருக்கினாலும் மாற்றுக் குறையாத பொடி என்று சொன்னார்கள். நம்மீது யாரும் குறை சொல்லக்கூடாது என்றுதான் அதற்கு மாறினேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “நகையில் குறை இல்லைதானே?” என்று மீண்டும் ஒருமுறை கேட்டார்.

இல்லை என்றேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

அறிந்தபின்

அடுத்த வாரம் பேராசிரியர் அந்த வரைபடத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். அப்பாவே அவரைப் பட்டறை பட்டறையாக அழைத்துச் சென்றார். சிலர் கேட்டனர், சிலர் சிரித்தனர். இரண்டு பட்டறைகளில் அப்பொடியை விட்டுத் துத்தநாகம் கலந்த பொடிக்கு மாறினர்; புகை வெளியேற மின்விசிறி பொருத்தினர். எங்கள் வீட்டிலிருந்த பொடி டப்பாவை அப்பா தம் கையாலேயே பேராசிரியரிடம் ஒப்படைத்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் அப்பா மறைந்தார். அந்தப் புகைதான் அவரைக் கொண்டுபோயிற்று என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை.

மாணவர்களே, மதுரையில் சிலம்பை உடைத்துப் பார்த்தது கோவலன் உயிர் போன பிறகு. உள்ளே முத்தா மாணிக்கமா என்னும் ஆராய்ச்சி முன்பே நடந்திருந்தால் ஒரு காப்பியத்தின் போக்கே மாறியிருக்கும். இன்று நம்மிடம் சிலம்பை உடைக்காமலே உள்ளதை அறியும் கருவிகள் பல உண்டு. அவற்றை ஓரிடத்தில் வைத்து ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுரைத்தால், பாண்டியன் செய்ததையே நாமும் செய்தவராவோம்.

சிலப்பதிகாரம் நடத்தும் நாளில் அப்பாவின் உரைகல்லை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறேன். அதனடியில் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். அதிலுள்ள பெரிய முகடு அப்பாவின் நேர்மை; அருகிலுள்ள சிறிய முகடு அதற்கு அவர் கொடுத்த விலை. மாணவர் இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாலும் நான் தலைகுனிவதில்லை.

தெரிந்து தெளிவோம்

• இந்தியாவில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு பொன் எனப் பொருள்படும். முத்திரைக்கான ஆய்வில் எக்ஸ் கதிர்ச் சோதனை முதற்கட்டம்; சிறு துணுக்கை எடுத்து நெருப்பிலிட்டுப் பிரித்தறியும் சோதனையே இறுதியானது.

• அமெரிசியம்-241 சிலவகைப் புகையுணர் கருவிகளில் மிகச் சிறிய அளவில் உள்ளது. அதனைப் பிரித்தெடுப்பது உடலுக்குத் தீங்கானது. கதிரியக்கப் பொருள்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டே கையாளவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழிலில் வழங்கும் கலைச்சொற்களைத் தொகுக்க.
2. ‘பிறரை அளக்கும் முன் நம் கருவியின் குறையை நாம் அறிந்திருக்கவேண்டும்’ – இக்கூற்றை உங்கள் அனுபவத்துடன் பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உழைப்பாளரின் உடல்நலம் காக்கும் பாதுகாப்பு முறைகள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.