சேர், அந்தக் கார் இன்னும் இருக்கோ?



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் என் பழைய மாணவர்கள் படலையைத் திறந்ததும் என் சுகத்தை விசாரிப்பதில்லை. "சேர், அந்தக் கார் இன்னும் இருக்கோ?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வளவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தகரக் கொட்டிலுக்குள் காட்ட வேண்டும். பிறகு ஒரு படம், ஒரு செல்ஃபி. போகும்போது அடுத்த கேள்வி வரும். "ஏன் சேர் இதை விக்கேல்லை?"

போன கிழமையும் ஒருவர் கேட்டார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

அது 1957ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர். எனக்கும் அதே வயதுதான். 948 சிசி எஞ்சின், நாலு கதவு, இலக்கத் தகட்டில் 1 ஸ்ரீ. அப்பா கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கினார். இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் அவரே வடிவமைத்தார். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் மொரிஸ் மைனர்தான். இலங்கையில் ஆசிரியர்களும் கிளாக்கர்மாரும் டொக்டர்மாரும் விரும்பி வாங்கிய கார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

அப்பா ஒரு சிஆர் கொப்பியில் காரின் கணக்கை எழுதி வைத்தார். எத்தனையாவது மைலில் ஒயில் மாற்றியது, எப்போது பிளக் துடைத்தது, எப்போது கிறீஸ் அடித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அவருக்குப் பின் நான் எழுதினேன். கொப்பி இப்போது நாலாவது. அந்தக் கொப்பியைப் பற்றிக் கடைசியில் மீண்டும் சொல்கிறேன்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். பெற்றோல் சின்னப் போத்தலில் யானை விலைக்கு விற்றது. அப்போதுதான் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின.

இளம் பிள்ளைகளுக்காக அந்த வித்தையைச் சொல்கிறேன். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. எனவே பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதற்குள் கால் போத்தல் பெற்றோல் விட்டு, ரியூப் வழியாகக் காபரேற்றருக்கு இறக்குவோம். பற்றரி பழசு. பிளக்குக்குப் பொறி கொடுக்குமே தவிர செல்ஃப் சுற்றாது. முன்பக்கத் துளைக்குள் ஹாண்டிலைப் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். பெற்றோலில் எஞ்சின் பிடித்து நன்றாகச் சூடேறியதும், ரியூப்பின் குழாயைத் திருப்பி ராங்கில் இருக்கும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிறகு வெள்ளைப் புகையும் குசினி மணமுமாகக் கார் போகும். ஏற்றத்தில் எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். அதற்காகப் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைப்போம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த ஒயிலுக்கும் அலைய வேண்டும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் மெக்கானிக் அண்ணை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நீளமான ஸ்குறூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். நான் பக்கத்தில் நின்று ஏதாவது விளக்கம் சொல்லத் தொடங்கினால், "வாத்தியார், எஞ்சின் கதைக்குது. நீங்கள் கொஞ்சம் கதைக்காதேங்கோ" என்பார். வகுப்பில் நான் உங்களுக்குச் சொன்னதை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

1995 ஐப்பசி 30. பின்னேரம் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் றோட்டில் இறங்கியது. அம்மா அப்போது படுத்த படுக்கை. அவவைப் பின் சீற்றில் கிடத்தி, மனைவியையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு வயதான தம்பதியையும் ஏற்றிக்கொண்டு நல்லூரிலிருந்து செம்மணிப் பக்கமாகப் புறப்பட்டோம். மழை. சைக்கிள், மாட்டு வண்டில், லான்ட்மாஸ்ரர், நடந்து போகிறவர்கள் என்று றோட்டில் கால் வைக்க இடமில்லை. பத்து அடி போவோம், நிற்போம். எண்ணெயை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிற்பாட்டுவேன். மழையில் அது குளிர்ந்துவிடும். திரும்பப் பற்றவைக்கப் பெற்றோல் வேண்டும். இப்படிப் பற்றவைத்துப் பற்றவைத்தே நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டச் சேலைன் போத்தல் வெறுமையாகிவிட்டது. ராங்கில் மண்ணெண்ணெய் இருந்தது, ஆனால் கார் அசையவில்லை. பின்னால் சனம் கத்துகிறது. அம்மா, "என்னை இறக்கிவிட்டிட்டு நீங்கள் போங்கோ" என்றா.

அப்போது இருட்டுக்குள் ஒரு குரல் கேட்டது. "சேர், நீங்கள் ஸ்ரியரிங்கைப் பிடியுங்கோ. நாங்கள் தள்ளுறம்."

நாலு பேரோ, ஐந்து பேரோ. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெடியள். தங்கள் பைகளைக் காரின் மேலே போட்டுவிட்டுத் தள்ளினார்கள். பாலத்தையும் தாண்டிக் கைதடிப் பக்கம் வரும்வரை தள்ளினார்கள். விடியும் நேரம் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அரைக் கிளாஸ் பெற்றோல் தந்தார். எஞ்சின் பிடித்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது பெடியள் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு சனத்தோடு சனமாய்ப் போய்விட்டார்கள்.

1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். அம்மா தன் வீட்டில், தன் கட்டிலில் இரண்டு வருடம் இருந்துதான் கண்ணை மூடினா. அந்த இரண்டு வருடமும் அந்தப் பிள்ளைகள் தந்தது.

சண்டை முடிந்த பிறகு மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. புதுக் கார்கள் வந்தன. ஆனால் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இருந்தது. நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டக்காரரிடம் இன்னொரு மொரிஸ் மைனர். இவர்களும் நானும் மெக்கானிக் அண்ணையும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வளவு மாமரத்தின் கீழ் கூடத் தொடங்கினோம். மெக்கானிக் அண்ணைக்குச் சொந்தமாகக் கார் இருந்ததே இல்லை. கடைசிவரை சைக்கிள்தான்.

என்ன செய்வோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாள் பிளக் துடைப்போம். ஒரு நாள் பொயின்ற் இடைவெளியை பீலர் கேஜ் வைத்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு என்று சரிபார்ப்போம். காபரேற்றரின் தலையிலுள்ள மூடியைத் திறந்து ஒயில் விடுவோம். பிரேக் ஒயில் பார்க்க வேண்டுமென்றால் றைவர் காலடியில் கிடக்கும் விரிப்பைக் கிளப்ப வேண்டும், அந்த இடத்தில்தான் அதன் மூடி இருக்கிறது. இடையில் தேத்தண்ணி, பனங்கட்டி. அரசியல் பேசுவோம், சண்டை பிடிப்போம். அங்குல ஸ்பானரை யார் துலைத்தது என்பதில் பதினைந்து வருடப் பழைய வழக்கு ஒன்று இன்னும் தீரவில்லை.

ஒருமுறை என் சோம்பலால் மானம் போனது. மைனரின் முன் சில்லைத் தாங்கும் மூட்டில் மரை இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். நான் பின்னால் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஒழுங்கை முடக்கில் திருப்பும்போது சில்லு வெளிப்பக்கமாக மடிந்து கார் முழங்காலில் விழுந்தது. நல்லகாலம், நடக்கிற வேகம்தான். மெக்கானிக் அண்ணை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொப்பியைக் கேட்டார். கடைசியாகக் கிறீஸ் அடித்த திகதியை விரலால் காட்டினார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை போல நின்றேன். புது மூட்டை லண்டனில் இருக்கும் ஒரு மாணவர் தன் சூட்கேசில் உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

அவர்தான் இன்னொரு செய்தியும் சொன்னார். 1990களில் இதே இலங்கையின் தெற்கே ஒரு தொழிற்சாலையில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்களாம். நாங்கள் ஒரு பொயின்ற் கிடைக்காமல் தகரத்தை அராவிக்கொண்டிருந்த அதே காலம். கேட்டுவிட்டுச் சிரித்தோம். தபாலதிபர் மட்டும் சிரிக்கவில்லை.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய கார்களுக்கும் விலை ஏறியது. கொழும்பிலிருந்து ஒரு தரகர் மூன்று முறை வந்தார். அவர் சொன்ன தொகை என் பல வருட ஓய்வூதியம். கனடாவிலிருந்து மகனும், "அப்பா, குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ" என்றான். 2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் அட்டையும் வந்தபோது நீங்கள் எல்லோரும் பயந்து போன் எடுத்தீர்கள். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். தடைக் காலத்தைக் கண்ட எங்களுக்கு 20 லீற்றர் என்பது பெருஞ்செல்வம். அப்போதும் விற்கவில்லை.

போன வருடம் மெக்கானிக் அண்ணை போய்விட்டார். செத்தவீட்டுக்குச் சோமசெற்றும் இரண்டு மைனர்களும் போய் நின்றன. அதற்கடுத்த ஞாயிறு என் எஞ்சினில் ஒரு சத்தம். மூன்று பேரும் மாறி மாறி ஸ்குறூ டிரைவரைக் காதில் வைத்தோம். சத்தம் கேட்டது, ஆனால் அது என்ன சொல்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் நான் கேட்கப் பழகவில்லை. அவர் இருக்கிறார்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தைப் பிடித்தது ஒரு பெண்பிள்ளை. என் மாணவர் ஒருவரின் மகள். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் தொழிற்பாடம் படிக்கிறா. தகப்பனோடு வந்தவ, கேட்டுவிட்டு, "சேர், வால்வ் இடைவெளி கூடிப்போச்சு போல" என்றா. மூடியைக் கழற்றி அளந்தால் சரியாக அதுதான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறா. எங்கள் மூன்று கிழவர்களையும் அதட்டி வேலை வாங்குகிறா. கண் டொக்டர் இனி இருட்டில் ஓட வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார். மகனோடும் பேசி ஒரு முடிவு எடுத்துவிட்டேன். தைப்பொங்கலன்று காரை அந்தப் பிள்ளையின் பெயருக்கு மாற்றப் போகிறேன். காசுக்கு அல்ல. கிறீஸ் அடிக்க மறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

காரோடு நாலு கொப்பிகளையும் கொடுக்க வேண்டும் அல்லவா? போன கிழமை அவற்றை எடுத்துப் புரட்டினேன். 30.10.1995 என்ற பக்கத்தில் என் கையெழுத்து: "பெற்றோல் முடிந்தது. நாவற்குழியிலிருந்து தள்ளியது. ஒயில் மாற்ற வேண்டும்." அவ்வளவுதான். யார் தள்ளியது என்று எழுதவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு காலையும் இடாப்புக் கூப்பிட்டவன் நான். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் ஏன் என்று கேட்டவன். அன்றிரவு வந்து நின்ற பிள்ளைகளின் பெயரை மட்டும் குறிக்கவில்லை. பாடசாலை திரும்பத் தொடங்கியபோது வகுப்பில் பல இடங்கள் வெறுமை. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். இது என் பிழை.

காரை ஏன் விற்கவில்லை என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியாமல் அதை எப்படிக் கைமாற்றுவது?

அன்றிரவு செம்மணி, நாவற்குழி றோட்டில் ஒரு மொரிஸ் மைனரைத் தள்ளியவர் யாராவது இதை வாசித்தால், அல்லது தள்ளிய ஒருவரைத் தெரிந்தால், எனக்கு எழுதுங்கள். அவர் இப்போது இல்லை என்றாலும் பெயரை எழுதுங்கள். பொங்கலுக்கு முன் எழுதினால் நல்லது. கொப்பியில் அந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சேர்