பட்டறைக்கு ட்ரில் மெஷின்: விலையை மட்டும் பார்க்கலாமா?

 

எமது பாடசாலைப் பட்டறைக்கு ஸ்டாண்ட் ட்ரில் ஒன்று வாங்க ஊரவர்களும் பழைய மாணவர்களும் காசு சேர்த்துத் தந்திருக்கிறீர்கள். ஜஸாகல்லாஹு கைரா. "மலிவானதை எடுத்துவிட்டு மிச்சத்துக்கு வேறு சாமான் வாங்கலாமே" என்று சிலர் கேட்கிறீர்கள். இது உங்கள் அமானிதம். அதனால் எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பசறை, ஹாலிஎல, நமுனுகுல பக்கத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இது நல்ல வழி. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலை சீசன். அந்த நேரம் ரோலரில் ஒரு பிராக்கெட் உடைந்தால் கொழும்பிலிருந்து வரும்வரை ஃபெக்டரி காத்திருக்க முடியாது. ஃபிட்டர் பாஸ்தான் இரும்பை வெட்டி, துளை போட்டு, பூட்ட வேண்டும். துளை ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் போல்ட் ஏறாது. அந்தக் கைப்பழக்கம் ஆடுகிற மெஷினில் வராது.

முதலில் வேகம். மென்னுருக்கில் 6 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1300 சுற்று போதும்; 13 மி.மீ. துளைக்கு 600தான். மலிவான சில மெஷின்களில் ஆகக் குறைந்த வேகமே இதைவிடக் கூட. அதில் பெரிய துளை போட்டால் பிட் சூடாகி முனை மழுங்கும். எனவே 500 அளவுக்கு இறங்கும், பெல்ட் மாற்றும் மெஷினே வேண்டும்.

இரண்டாவது உறுதி. ஸ்பின்டிலைக் கீழே இறக்கி, சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்போம். ஆடினால் வேண்டாம். கைப்பிடியை அழுத்தும்போது மேசை தாழ்ந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது கரண்ட். ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்கள் பாரமானவை, நல்ல இரும்பு. ஆனால் பல 200 வோல்ட் மூன்று பேஸ். சில 100 வோல்ட். எங்கள் பட்டறையில் இருப்பது 230 வோல்ட் ஒற்றை பேஸ். மோட்டார் மாற்றும் செலவையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மலிவாக இருக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பிள்ளைகளின் விரல். பெல்ட்டுக்கு மூடி, கையெட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்டொப் பட்டன், கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்ச், இம்மூன்றும் இருந்தே ஆக வேண்டும். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்த நமக்கு அந்தக் கடைசி சுவிட்சின் அருமை விளங்கும். துளை மறுபக்கம் வெளிவரும் நொடியில் பிட் இரும்பைக் கவ்விச் சுழற்றிவிடும். கையால் பிடித்தால் கை போகும். வைஸில் இறுக்க வேண்டும். கையுறை கூடவே கூடாது. ஸ்கார்ப்பின் நுனி, சட்டைக் கை, பின்னல் எல்லாம் உள்ளே போக வேண்டும்.

ஆகவே எங்கள் முடிவு: 16 மி.மீ. சக் உள்ள, ஒற்றை பேஸ், புதிய பெஞ்ச் ட்ரில். கொங்கிறீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்குவோம். மிச்சக் காசுக்கு நல்ல மெஷின் வைஸ் ஒன்றும் கண்ணாடிகளும்.

ஃபெக்டரியிலோ கராஜிலோ வேலை செய்யும் பாஸ்மார் ஒருவர் கடைக்கு எங்களோடு வந்து, காசு கொடுக்க முன் ஸ்பின்டிலை ஒருதரம் பார்த்துத் தந்தால் பேருதவி. இன்ஷா அல்லாஹ், பில்லையும் இங்கேயே போடுவோம்.